'ஒன்லி' என்னும் ஒரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். சரிபார்ப்பதற்காக எங்கள் கிளைக்கு வந்திருந்த காசோலைப் படிமங்களைக் கணினித் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றுள் ஒன்று எழுபதாயிரம் ரூபாய்க்கானது. கையெழுத்து சரியாக இருந்தது. தேதி சரியாக இருந்தது. கணக்கில் பணமும் இருந்தது. தொகை 'செவன்டி தௌசண்ட் ஒன்லி' என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் 'செவன்' என்னும் சொல்லின் எழுத்துகள் இடைவெளி விட்டு அகலமாக இருக்க, அதனுடன் சேர்ந்த 'டி' மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. எண்ணால் எழுதிய இடத்திலும் கடைசிச் சுழியம் மற்றவற்றைவிடச் சற்றுச் சாய்ந்திருந்தது.

கணக்குக்குரிய அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். கிட்வாய் நகரில், மத்திய அரசுப் பணியிலிருக்கும் மகனுடன் வசிப்பவர் அவர். கணவர் மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. அதுவரை காசோலை எழுதும் வேலை முழுவதையும் கணவரே பார்த்துவந்தார். நான் தொகையைச் சொன்னதும் மறுமுனையில் சில நொடிகள் அமைதி. பிறகு, "ஏழாயிரம்தான் சார் எழுதினேன். அலமாரி செய்ததற்கு. கடைசியில் ஒன்லிகூடப் போட்டிருந்தேனே!" என்றார்.

காசோலை பணம் தரப்படாமல் உரிய நேரத்திற்குள் திருப்பப்பட்டது. இடையில் அதில் கை வைத்தவர் யார் என்று கண்டறிவது பின்னர்க் காவல்துறையின் வேலையாயிற்று. மறுநாள் அம்மையார் காசோலைப் புத்தகத்துடன் கிளைக்கு வந்தார். "ஒன்லி போட்டுவிட்டால் பயமில்லை என்று அவர் சொல்லித் தந்திருந்தார். அப்படியென்றால் அந்த ஒன்லிக்கு என்னதான் சார் அர்த்தம்?" என்று கேட்டார்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வங்கியில் பணியாற்றும் நான், ஒரு நாளைக்குப் பலமுறை காணும் அந்தச் சொல்லைப் பற்றி அன்றுதான் நின்று யோசித்தேன். அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை சுருக்கமானது. முழுமையான விடையை இக்கட்டுரையில் தர முயல்கிறேன்.

'ஒன்று' பெற்றெடுத்த சொல்

'ஒன்லி' என்னும் சொல்லுக்குள் 'ஒன்' என்னும் எண் ஒளிந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இது 'ஆன்லிக்' என வழங்கியது. 'ஆன்' என்றால் ஒன்று. 'லிக்' என்றால் போன்றது. 'ஒன்றைப் போன்றது', அதாவது வேறு துணையற்றது என்பதே அதன் முதற்பொருள். ஒரே மகன், ஒரே வழி, ஒரே சாட்சி என்று நாம் 'ஒரே' சேர்க்கும் இடங்களிலெல்லாம் ஆங்கிலம் இச்சொல்லைப் பெயரடையாக ஆள்கிறது. நம்முடைய 'ஒரே' என்பதும் 'ஒன்று' என்பதன் வழி வந்ததே என்பது எண்ணி மகிழத்தக்கது.

வினையடையாக வரும்போது இதற்குப் பல முகங்கள் உண்டு. முதலாவது, வரையறுத்தல்: 'உறுப்பினர்களுக்கு மட்டும்'. இரண்டாவது, காலத்தின் அண்மையைக் காட்டுதல்: 'நேற்றுத்தான் வந்தார்'. மூன்றாவது, ஒரு நிகழ்வுக்குப் பின்னரே மற்றொன்று நிகழ்ந்ததைக் காட்டுதல்: 'படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன்'. நான்காவது, சிறுமை காட்டுதல்: 'அவர் ஒரு குழந்தைதானே'. 'இஃப்' என்னும் சொல்லுடன் சேர்ந்தாலோ அது ஏக்கமாகிவிடும்: 'அன்றே சேமிக்கத் தொடங்கியிருந்தால்!' 'டூ' என்பதைப் பின்னால் சேர்த்துக்கொண்டால் மிகுதியைக் குறிக்கும்: 'உதவுவதில் எனக்கு மிக்க மகிழ்ச்சி'.

ஓர் இலக்கணக் குறிப்பையும் இங்கே சொல்லவேண்டும். காலத்தையோ நிபந்தனையையோ வரையறுப்பதற்காக ஒரு வாக்கியத்தை இச்சொல்லைக்கொண்டு தொடங்கினால், பின்வரும் பகுதியில் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வந்துவிடும். 'ஒன்லி தென் டிட் ஐ சைன்' என்பதே சரி. 'ஒன்லி தென் ஐ சைன்ட்' என்பது பிழை. போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்கள் நினைவிற்கொள்ளவேண்டிய விதி இது.

இடம் மாறினால் பொருள் மாறும்

தமிழில் 'மட்டும்' என்பது தான் வரையறுக்கும் சொல்லின் முதுகிலேயே அமர்ந்துகொள்ளும். 'திங்கட்கிழமை அப்பா எனக்கு நூறு ரூபாய் கொடுத்தார்' என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'திங்கட்கிழமை மட்டும்' என்றால் மற்ற நாள்களில் கொடுக்கவில்லை. 'அப்பா மட்டும்' என்றால் வேறு எவரும் கொடுக்கவில்லை. 'எனக்கு மட்டும்' என்றால் தம்பிக்குக் கிடைக்கவில்லை. 'நூறு ரூபாய் மட்டும்' என்றால் அதற்கு மேல் ஒரு காசும் இல்லை. நான்கும் நான்கு செய்திகள், எதிலும் ஐயமில்லை.

ஆங்கிலத்திலோ 'ஒன்லி' பெரும்பாலும் வினைக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். 'ஐ ஒன்லி பெய்ட் ஹிம் ஹண்ட்ரட் ருபீஸ் ஆன் மண்டே' என்று ஒருவர் சொன்னால், வரையறைக்கு உட்பட்டது தொகையா, நாளா, ஆளா என்பதைச் சொல்பவரின் குரல் அழுத்தத்தைக்கொண்டே உணரவேண்டும். பேச்சில் இது தொல்லையன்று. எழுத்தில் குரல் இல்லை. ஆகவே கடிதங்களிலும் ஒப்பந்தங்களிலும் இச்சொல்லை அது கட்டுப்படுத்தும் சொல்லை ஒட்டியே எழுதுவது நல்லது.

வங்கிப் படிவங்களில் இவ்வேறுபாடு வெறும் இலக்கணமாக நின்றுவிடுவதில்லை. கூட்டுக்கணக்கு தொடங்கும் இருவர், 'இருவரில் எவரேனும் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று தேர்ந்தால் ஒருவரது கையெழுத்தே போதும். 'இருவரும் சேர்ந்து மட்டும்' என்று தேர்ந்தால் ஒவ்வொரு காசோலைக்கும் இரு கையெழுத்துகளும் வேண்டும். ஒருவர் மருத்துவமனையில் படுத்திருக்கும் நாளில்தான் அந்த 'மட்டும்' எத்தனை எடையுள்ளது என்று தெரியவரும். வைப்புக் காப்பீட்டிலும் அப்படியே. 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வைப்பாளருக்குரிய காப்பு வரம்பு 5 இலட்சம் ரூபாய். அது ஒரு வங்கியின் எல்லாக் கிளைகளிலும் ஒரே உரிமையில் உள்ள வைப்புகளுக்கு, அசலும் வட்டியும் சேர்த்துப் பொருந்துவது. கிளைக்குக் கிளை தனித்தனியே 5 இலட்சம் என்று பொருள்கொள்வது தவறு.

தில்லியில் வாழும் 'ஒன்லி'

எங்கள் கிளை இருக்கும் கிட்வாய் நகர், விடுதலைப் போராட்ட வீரரும் நேரு அமைச்சரவையில் தகவல்தொடர்பு, உணவு ஆகிய துறைகளை ஏற்றவருமான ரஃபி அகமது கிட்வாயின் (1894–1954) பெயரைத் தாங்கியது. மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பாக எழுந்த இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. கூப்பிடு தூரத்தில் உள்ள இலட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி நடைபெறுகிறது. ஐ.என்.ஏ. சந்தைக்குப் போனால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும். கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய வீடுகள் இருந்த இடத்தில் இன்று உயரமான அடுக்குமாடிகள் நிற்கின்றன. மொழிகள் பல கலந்து புழங்கும் இடம் இது. இங்கே முகப்பில் அமர்ந்திருந்தால் 'ஒன்லி' என்னும் சொல் வேறொரு வேடத்தில் காதில் விழும்.

"மேனேஜர் எங்கே?" என்று கேட்டால், "இன்சைட் ஒன்லி" என்பார் பஞ்சாபி நண்பர். "எப்போது விண்ணப்பித்தீர்கள்?" என்றால், "எஸ்டர்டே ஒன்லி" என்பார் தமிழர். "நீங்கள் எந்த ஊர்?" என்றால், "டெல்லி ஒன்லி" என்பார் மூன்றாமவர். இலண்டனிலிருந்து வந்தவர் இதைக் கேட்டால், 'மேலாளர் உள்ளே மட்டும் இருக்கிறார். வெளியே இல்லை' என்பதைச் சொல்லவேண்டிய தேவை என்ன என்று குழம்புவார். நாமோ குழம்புவதில்லை. ஏன்?

விடை தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியம் இடையியலில் ஏகார இடைச்சொல்லுக்கு ஐந்து பொருள்களைக் கூறுகிறது: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. நன்னூல் இவற்றுடன் இசைநிறை என்பதையும் சேர்த்து ஆறாக்கும். இவற்றுள் பிரிநிலை என்பது பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. தேற்றம் என்பது சொன்னதை உறுதிப்படுத்துவது. 'அவனே கள்வன்' என்பதில் மற்றவர்கள் விலக்கப்படுகிறார்கள்; அது பிரிநிலை. 'உண்டே கடவுள்' என்பதில் எவரும் விலக்கப்படவில்லை, உறுதி மட்டுமே உண்டு, அது தேற்றம். பேச்சுத் தமிழில் 'தான்' என்பது இவ்விரு வேலைகளையும் செய்கிறது. இந்தியில் 'ஹீ' என்னும் இடைச்சொல்லும் அவ்வாறே. சொல்லுக்குப் பின்னால் வந்து, பிரிக்கவும் செய்யும், உறுதிப்படுத்தவும் செய்யும்.

ஆங்கில 'ஒன்லி'யின் தலையாய வேலை பிரிநிலை. நாம் அதை நம் 'தான்', 'ஹீ' ஆகியவற்றின் இடத்தில் உட்காரவைத்துத் தேற்றப் பொருளையும் சுமக்கச் செய்துவிட்டோம். தமிழரும் பஞ்சாபியரும் தத்தம் தாய்மொழியின் வழக்கப்படியே அதைச் சொல்லின் பின்னால் சேர்க்கிறார்கள். ஆகவே ஒருவர் பேச்சு மற்றவருக்கு உடனே விளங்குகிறது. இது அறியாமையால் வந்த பிழை அன்று. இந்திய ஆங்கிலத்தின் இயல்பான கூறு என்றே மொழியியலாளர்களும் இதனை ஆராய்ந்துள்ளனர்.

ஆயினும் எழுதும்போது எச்சரிக்கை வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்கோ, அயல்நாட்டு வங்கிக்கோ கடிதம் எழுதும் வாடிக்கையாளர், 'படிவத்தைத்தான் அனுப்பியிருக்கிறேன்' என்னும் எண்ணத்தில் 'ஐ ஹாவ் சென்ட் தி ஃபார்ம் ஒன்லி' என்று எழுதினால், 'படிவம் மட்டும் வந்திருக்கிறது. இணைப்புகள் வரப்போவதில்லை' என்று அவர்கள் பொருள்கொள்வார்கள். ஒரு சொல்லால் மகனது சேர்க்கை ஒரு வாரம் தள்ளிப்போகக்கூடும். உள்ளூர்ப் பேச்சில் நம் 'ஒன்லி' இருக்கட்டும். வெளியூர்க் கடிதத்தில் அவர்கள் 'ஒன்லி'யையே ஆள்வோம்.

காசோலையின் கடைசிச் சொல்

இனி வங்கியின் 'ஒன்லி'க்கு வருவோம். இங்கே அதன் வேலை எல்லை கட்டுவது. 'தொகை இத்துடன் முடிந்தது. இதற்குப் பின் எழுதப்படும் எதுவும் என்னுடையதன்று' என்று கையெழுத்திட்டவர் சொல்லும் சொல் அது.

இதே வேலைக்கு ஒவ்வொரு மொழியும் ஒரு சொல்லைத் தேர்ந்திருக்கிறது. நாம் 'மட்டும்' என்கிறோம். 'மட்டு' என்றால் அளவு, எல்லை. நம் முன்னோர் பத்திரங்களில் 'மாத்திரம்' என்று எழுதினர். மலையாளத்தில் 'மாத்ரம்', கன்னடத்தில் 'மாத்ர', தெலுங்கில் 'மாத்ரமே', இந்தியில் 'மாத்ர' என்று வழங்கும் இவை அனைத்தும் அளவைக் குறிக்கும் ஒரே வடசொல்லின் வடிவங்கள். எழுத்தின் ஒலியளவைக் குறிக்கும் 'மாத்திரை'யும் அச்சொல்லின் உறவே. மராத்தியர் 'ஃபக்த்' என்று எழுதுவர். குஜராத்தியரோ 'பூரா' என்பர். அதாவது, முழுவதும் ஆயிற்று. சொற்கள் வேறு, சாத்தப்படும் கதவு ஒன்று.

இங்கே ஒரு பொதுவான அச்சத்தைப் போக்கவேண்டும். 'ஒன்லி' எழுத மறந்துவிட்டால் காசோலை திரும்பிவிடுமா என்று பலர் கேட்கின்றனர். திரும்பாது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் காசோலையில் இச்சொல் இருந்தாகவேண்டும் என்று எங்கும் கூறவில்லை. இது சட்டம் இட்ட கட்டளையன்று. அனுபவம் கற்பித்த வழக்கம். அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு வேறொன்றைச் சொல்கிறது: எழுத்தால் எழுதிய தொகையும் எண்ணால் எழுதிய தொகையும் மாறுபட்டால், எழுத்தால் எழுதியதே செலுத்தவேண்டிய தொகை. எழுத்துக்கு இத்தனை வலிமை இருப்பதால்தான் அதைப் பாதுகாக்க ஒரு காவலாளி தேவைப்பட்டார். நடைமுறையில், இரண்டும் மாறுபடும் காசோலையை வங்கிகள் பெரும்பாலும் திருப்பியே அனுப்புகின்றன என்பதையும் சேர்த்து நினைவிற்கொள்க.

இரு பழைய வழக்குகள்

காசோலையில் விடப்படும் இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு வணிகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் இரு இங்கிலாந்து வழக்குகள் உண்டு.

முதலாவது, 1827ஆம் ஆண்டின் 'யங் எதிர் குரோட்' வழக்கு. யங் என்பவர் வெளியூர் செல்லும்போது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளை மனைவியிடம் விட்டுச் சென்றார். அவர் கணவரின் எழுத்தரிடம் ஐம்பது பவுண்டு சொச்சத்திற்கு ஒன்றை நிரப்பச் சொன்னார். எழுத்தர், 'ஐம்பது' என்னும் சொல்லுக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டு எழுதிக் காட்டினார். பின்னர் அந்த இடத்தில் 'முந்நூற்று' என்று பொருள்படும் சொற்களைச் செருகிப் பணத்தைப் பெற்றுக்கொண்டார். இழப்பை வங்கியின் மேல் சுமத்த முடியாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இரண்டாவது, 1918இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த 'இலண்டன் ஜாயின்ட் ஸ்டாக் வங்கி எதிர் மேக்மில்லன் அண்ட் ஆர்தர்' வழக்கு. ஒரு நிறுவனத்தின் எழுத்தர், சில்லறைச் செலவுக்கென 2 பவுண்டுக்கு ஒரு காசோலையைப் பங்குதாரரிடம் நீட்டினார். எண்ணில் 2 என்று இருந்தது. அதன் இருபுறமும் இடைவெளி. எழுத்தால் எழுதவேண்டிய இடம் காலியாகவே இருந்தது. பங்குதாரர் கையெழுத்திட்டார். எழுத்தர் 2க்கு முன்னால் 1, பின்னால் 0 சேர்த்து 120 ஆக்கி, எழுத்திலும் அவ்வாறே நிரப்பிப் பணத்துடன் மறைந்தார். காசோலையை மோசடிக்கு இடமில்லாதவாறு எழுதும் கவனக்கடமை வாடிக்கையாளருக்கு உண்டு என்றும், ஆகவே இழப்பு நிறுவனத்தையே சாரும் என்றும் தீர்ப்பாயிற்று.

நம் நாட்டுச் சட்டத்தின் 87ஆம் பிரிவுப்படி, உரிய இசைவின்றி முக்கியமான மாற்றம் செய்யப்பட்ட ஆவணம் செல்லாததாகிறது. ஆனால் 89ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்கவேண்டும். மாற்றம் கண்ணுக்குத் தெரியாத நிலையில் வங்கி முறைப்படி பணம் கொடுத்துவிட்டால், அதற்குப் பாதுகாப்பு உண்டு. ஆகவே 'வங்கி பார்த்துக்கொள்ளும்' என்று இருந்துவிடலாகாது.

இவ்விரு வழக்குகளையும் அம்மையாரின் காசோலையோடு சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 'ஒன்லி' காப்பது தொகையின் வாலை மட்டுமே. யங் வழக்கில் மோசடி தலைப்பகுதியில் நுழைந்தது. அம்மையாரின் காசோலையில் அது இடுப்பில் நுழைந்தது. 'செவன்' என்பதற்கும் 'தௌசண்ட்' என்பதற்கும் இடையே அவர் விட்டிருந்த இடம் இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் போதுமானதாக இருந்தது. எண்ணில் 7,000 என்பதன் பின்னால் '/-' என்னும் குறி இல்லாததால் மேலும் ஒரு சுழியத்திற்கு வழி கிடைத்தது. பின்கதவைத் தாழிட்டு, முன்கதவையும் சன்னலையும் திறந்து வைத்த வீடு போல் ஆகிவிட்டது.

தமிழ் எண்ணுப்பெயர்களின் காவல்

இதை எழுதும்போது தமிழில் காசோலை எழுதுவோர் பெருமைப்படத்தக்க ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்தில் 'சிக்ஸ்', 'செவன்', 'நைன்' ஆகியவற்றின் பின்னால் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் அறுபதும் எழுபதும் தொண்ணூறும் ஆகிவிடும். 'எய்ட்' எண்பதாக ஓர் எழுத்தே போதும். தமிழில் இது நடக்காது. ஏழாயிரம் என்பதை எழுபதாயிரம் ஆக்கவேண்டுமானால் முதலெழுத்தையே மாற்றவேண்டும்: ஏகாரம் எகரமாகும். ஆறாயிரம் அறுபதாயிரமாக, ஆகாரம் அகரமாகவேண்டும். எட்டாயிரம் எண்பதாயிரமாக, இரண்டாம் எழுத்தே வேறாகவேண்டும்.

தொகையின் இறுதியிலும் ஒரு காவல் உண்டு. 'ஐயாயிரம்' என்று எழுதிவிட்டால் அதன்பின் நூறுகளைச் சேர்க்க முடியாது. சேர்க்கவேண்டுமானால் 'ஐயாயிரத்து' என்றல்லவா எழுதியிருக்கவேண்டும்? அவ்வாறே நூறு, நூற்று ஆகும். இருபது, இருபத்து ஆகும். இலட்சம், இலட்சத்து ஆகும். எண் முடிந்ததா தொடர்கிறதா என்பதைச் சொல்லின் ஈறே காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'மட்டும்' என்று எழுதுவதற்கு முன்பே தமிழ்ப் புணர்ச்சி பாதிக் கதவைச் சாத்திவிடுகிறது. முன்புறம் மட்டும் இங்கும் திறந்தே இருக்கும்; 'ஏழாயிரம்' என்பதற்கு முன்னால் இடம் விட்டால் 'இருபத்து' வந்து சேரக்கூடும்.

காசோலையை ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அந்தந்த மாநில மொழியிலோ எழுதலாம் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. தமிழ்நாட்டில் கணக்கு வைத்திருப்போர் தயக்கமின்றித் தமிழில் எழுதலாம்.

'அக்கவுண்ட் பேயீ ஒன்லி'

காசோலையின் இடது மூலையில் இரு இணைகோடுகளுக்கு நடுவே நாம் எழுதும் 'ஒன்லி' மற்றொரு வகை. தொகையின் முடிவில் வருவது அளவுக்கு எல்லை; இங்கே வருவது ஆளுக்கு எல்லை. இது உண்மையான பிரிநிலை: பணம் இவர் கணக்கிற்கே, வேறு எவர் கணக்கிற்கும் அன்று.

குறுக்குக்கோடு இடுவதைப் பற்றிச் சட்டத்தின் 123 முதல் 131 வரையிலான பிரிவுகள் பேசுகின்றன. இரு இணைகோடுகள் மட்டும் இருந்தாலே அது பொதுக் குறுக்கீடு. முகப்பில் ரொக்கமாகத் தரமாட்டார்கள். வங்கி வழியாகவே பணம் பெறமுடியும். 'அக்கவுண்ட் பேயீ' என்னும் தொடர் வணிக வழக்கில் பிறந்தது. அவ்வாறு குறிக்கப்பட்ட காசோலையை, பெயர் குறிப்பிடப்பட்டவர் கணக்கிலன்றி வேறொருவர் கணக்கில் வரவு வைக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. ஐக்கிய இராச்சியத்தில் 1992இல் இயற்றப்பட்ட காசோலைச் சட்டம், இத்தொடர் எழுதப்பட்ட காசோலையை மற்றவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது என்று விதித்தது. 'ஒன்லி' என்னும் சொல் உடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே விளைவுதான் என்று அச்சட்டமே தெளிவுபடுத்துகிறது. ஒரு சொல்லைப் பற்றி நாடாளுமன்றமே அக்கறை கொண்ட நிகழ்ச்சி அது.

இந்தியாவில் 2021 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 'பாசிட்டிவ் பே' முறை இக்காவலை மேலும் வலுப்படுத்துகிறது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் எண், தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றை நீங்களே முன்கூட்டி வங்கிக்குத் தெரிவித்துவிடலாம். 5 இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ளவற்றிற்கு வங்கிகள் இதைக் கட்டாயமாக்கிக்கொள்ளலாம். 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் வேலைநேரத்தில் தொடர்ச்சியாகத் தீர்வு செய்யப்படுகின்றன. பணம் விரைவில் கைமாறுகிறது. ஐயம் எழுந்து தொலைபேசியை எடுப்பதற்கான அவகாசமும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே எழுதும் கையிலேயே காவல் தொடங்கவேண்டும்.

வாடிக்கையாளர் கவனத்திற்கு

• தொகையை எழுதும் வரியின் இடது ஓரத்தை ஒட்டியே தொடங்குங்கள். முன்னால் இடம் விடாதீர்கள்.

• சொற்களுக்கு இடையே ஒரே அளவான, சிறிய இடைவெளி விடுங்கள்.

• முடிவில் 'ஒன்லி' அல்லது 'மட்டும்' எழுதி, எஞ்சிய இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

• எண்ணில் எழுதும்போது ரூபாய்க் குறியை ஒட்டித் தொடங்கி, '/-' இட்டு முடியுங்கள்.

• பெறுபவர் பெயருக்குப் பின்னும் கோடு இடுங்கள். 'அல்லது கொணர்பவர்' என்பதை அடித்துவிடுங்கள்.

• அழிக்கக்கூடிய மையைத் தவிருங்கள். மற்றவர் தரும் பேனாவைவிட உங்கள் பேனாவே நல்லது.

• பிழை நேர்ந்தால் திருத்தாதீர்கள். சி.டி.எஸ். முறையில், தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு திருத்தங்கள் ஏற்கப்படா. புதிய காசோலை எழுதுங்கள்.

• வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டு எவரிடமும், வீட்டாரிடம்கூட, விட்டுச் செல்லாதீர்கள். காசோலை தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்கே செல்லும்.

• கைப்பேசி எண்ணைக் கணக்கில் பதிவு செய்து வைத்திருங்கள். வங்கியிலிருந்து காசோலை குறித்து அழைப்பு வந்தால் தொகையையும் பெயரையும் சொல்லுங்கள். கடவுச்சொல்லையோ ஒருமுறைக் கடவெண்ணையோ எந்த அலுவலரும் கேட்கமாட்டார்.

திருமண வீட்டில் மொய் எழுதும்போது நூறோடு நிறுத்தாமல் நூற்றொன்று எழுதுவது நம் வழக்கம். உறவு முடிந்துவிடாமல் தொடரட்டும் என்பதற்காகச் சேர்க்கும் ஒரு ரூபாய் அது. காசோலை அதற்கு நேர்மாறானது. அங்கே கணக்கு முடிந்ததென்று எழுதியாகவேண்டும்.

அந்த அம்மையாரிடம் அன்று நான் சொன்ன விடை இதுதான்: "ஒன்லி என்றால் 'இத்தோடு சரி' என்று அர்த்தம், அம்மா. ஆனால் அது பின்பக்கத்துக்கு மட்டுந்தான் காவல். முன்பக்கத்தையும் நடுவையும் நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்." அவர் என் மேசையிலேயே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 'ரூபாய் ஏழாயிரம்' என்று ஆங்கிலத்தில் நெருக்கமாக ஐந்துமுறை எழுதிப் பார்த்தார். ஒவ்வொன்றின் இறுதியிலும் 'ஒன்லி' எழுதிக் கோடு இழுத்தார். ஐந்தாவதை என்னிடம் நீட்டி, "இப்போது?" என்றார். சொற்களுக்கு நடுவே ஒரு புள்ளி வைக்கவும் இடமில்லை.

அதன்பின் அவர் கணக்கிலிருந்து வரும் காசோலைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எதற்காகவும் அவரைத் தொலைபேசியில் அழைக்கவேண்டிய தேவை இதுவரை ஏற்படவில்லை.